பூச்சுக்கு முன்

கோவைப் பக்கம் வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போடும் நாள் ஒரு சிறு விசேஷம். விடியும் முன்பே கலவை மெஷின் வந்து நின்றுவிடும். ஜல்லி ஒரு பக்கம், எம்-சாண்ட் ஒரு பக்கம், சிமெண்ட் மூட்டைகள் ஒரு பக்கம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, முதல் பாண்டுச் சட்டியைத் தொட்டுக் கொடுப்பார். மதியம் ஆட்களுக்குக் கறிச்சோறு. நாள் முழுக்கப் போன்கள் படம் பிடித்தபடி இருக்கும். மாலை போட்ட மெஷின், சாரத்தின் மேல் வரிசையாக நிற்கும் ஆட்கள், ஏணியில் ஏறத் தயங்கும் பாட்டி, தலையில் சட்டியோடு போஸ் கொடுக்கும் பேத்தி. ராத்திரிக்குள் எல்லாம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அத்தனை படங்களில் கம்பியின் படம் ஒன்றுகூட இருக்காது.

கம்பி கட்டி முடிந்ததற்கும் கான்கிரீட் விழுவதற்கும் நம் ஊரில் பெரும்பாலும் ஓர் இரவுதான் இடைவெளி. அந்த வீட்டைத் தாங்கப்போகிற அத்தனையும் கண்ணுக்குத் தெரிகிற கடைசி நேரம் அது. மறுநாள் பத்து மணிக்கெல்லாம் பாதி மறைந்துவிடும், சாயங்காலத்துக்குள் முழுசும் மறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கம்பியை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்க நேர்ந்தால் அது நல்ல நாளாக இருக்காது.

கட்டட வேலையின் இயல்பே இதுதான். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தை மூடிக்கொண்டே மேலே ஏறுகிறது. கடக்காலில் இறக்கிய கருங்கல்லை மண் மூடுகிறது. செங்கல்லைப் பூச்சு மூடுகிறது. காடி எடுத்துப் பதித்த மின்குழாயைப் பட்டி மூடுகிறது. குளியலறைத் தரைக்கடியில் ஓடும் குழாய்களை டைல்ஸ் மூடுகிறது. சென்னிமலைப் போர்வையை வாங்குகிறவர் அதைப் புரட்டிப் பார்த்து நெசவு எப்படி என்று சொல்லிவிடலாம். வீட்டை வாங்குகிறவர் எதைப் புரட்டிப் பார்ப்பார்?

வீடு கட்டும் ஒப்பந்தக்காரர்கள் தங்கள் வேலையைப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்த மறைகிற வேலையை மனதில் வைத்துத்தான். முடிந்த வீட்டை மாலை வெயிலில், எலிவேஷன் விளக்குகளைப் போட்டு எடுக்கும் படங்களுக்குக் குறைவே இல்லை. அவை அடுத்த வாடிக்கையாளரைப் பிடிக்க உதவும், அதில் தவறும் இல்லை. ஆனால் அந்தப் படங்களில் இருப்பது பெயிண்ட். நான் கேட்பது சேறும் கம்பியும் கட்டுக்கம்பித் துண்டுகளும் கிடக்கும், யாருக்கும் அனுப்பத் தோன்றாத படங்களை.

அப்படி ஒன்றைச் சூலூர்ப் பக்கம் ஒரு மேஸ்திரி தன் போனில் எனக்குக் காட்டினார். ஒரு தூணும் இரண்டு பீம்களும் கூடுகிற மூலை. தூணின் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு நிற்க, பீம் கம்பிகள் அதற்குள் புகுந்து வளைந்து இறங்குகின்றன. மூலையை நெருங்க நெருங்க, கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங்குகள் நெருக்கமாகின்றன. அருகில் டேப் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது, எண்கள் வாசிக்கிற மாதிரி. ஒவ்வொரு ரிங்கின் முனையும் உள்பக்கமாக மடிந்து கான்கிரீட்டின் நடுவை நோக்கி நிற்கிறது. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே கவர் பிளாக்குகள். ஒரு ஓட்டுத் துண்டில் சாக்குக்கட்டியால் தேதியும் தூண் எண்ணும் எழுதிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில், வார் அறுந்து கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்ட ஒரு ரப்பர் செருப்பும் ஒரு பெண்ணின் பாதமும்.

அந்த ஒரு படத்தில் எத்தனை கேள்விக்கு விடை இருக்கிறது என்று பாருங்கள். கவர் பிளாக் என்பது உள்ளங்கையில் அடங்குகிற சிமெண்ட் கட்டி. ஒன்றின் விலை ஒரு டீக்குக்கூடக் காணாது. கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்துவதுதான் அதன் வேலை. இந்தியத் தரநிலை 456 தூணுக்கு 40 மில்லிமீட்டரும் கடக்கால் ஃபுட்டிங்குக்கு 50 மில்லிமீட்டரும் கான்கிரீட் போர்வை கேட்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தளங்களுக்கு 20 போதும். அது இல்லாமல் கம்பி பலகையை ஒட்டிக் கிடந்தால் வேலை முடிந்த அன்று ஒன்றும் தெரியாது. பூச்சுப் பூசினால் இன்னும் தெரியாது. ஈரம் மெல்ல உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும், அது கான்கிரீட்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். முதலில் சன்ஷேடின் அடிப்பக்கமும் குளியலறைக்குக் கீழே உள்ள கூரையும் உதிரும். அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம். மேஸ்திரி அதற்குள் எத்தனையோ வீடு கட்டி முடித்திருப்பார்.

ரிங்கின் முனை மடிப்பும் அப்படித்தான். நிலநடுக்கத்துக்கான தரநிலை அதை 135 டிகிரிக்கு உள்நோக்கி மடிக்கச் சொல்கிறது. 90 டிகிரியில் விட்டால் வேலை சீக்கிரம் முடியும். நம் பக்கம் நிலம் எங்கே ஆடுகிறது என்று பலரும் கேட்பார்கள். 1900 பிப்ரவரி 8ஆம் தேதி கோயம்புத்தூரை மையமாக வைத்து ஏறக்குறைய 6 ரிக்டர் அளவில் நிலம் ஆடியிருக்கிறது. தென்னிந்தியா முழுக்க அது உணரப்பட்டது. அன்று ஊரில் இருந்தவை மண்சுவரும் ஓட்டுக்கூரையும். இன்று அதே மண்ணின் மேல் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ரிங்கை ஒழுங்காக மடித்த ஆள் யார், மடிக்காத ஆள் யார் என்பது நிலம் ஆடுகிறவரைக்கும் யாருக்கும் தெரியாது.

என்னை உறுத்துவது இதுதான். பூச்சுக்குப் பிறகு நேர்மையான மேஸ்திரியும் ஏமாற்றுகிற மேஸ்திரியும் ஒன்றாகிவிடுகிறார்கள். சுவர் இரண்டும் ஒரே வழவழப்பு. இதில் லாபம் ஏமாற்றுகிறவருக்கு, ஏனென்றால் மிச்சம் பிடித்தது அவர் பையில் இருக்கிறது. நேர்மையானவருக்கு என்ன மிஞ்சியது? எட்டாவது வருஷம் ஒரு விரிசல் விழுகிறது. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கியதால் விழுந்திருக்கலாம். வீட்டுக்காரரே யாரையும் கேட்காமல் மேலே ஒரு மாடி ஏற்றியதால் விழுந்திருக்கலாம். ஆனால் ஊர் சொல்வது ஒன்றுதான்: கம்பியில மிச்சம் பிடிச்சுப் போட்டான். கணக்குப்படி எல்லாம் போட்டவர், "இல்லீங்க, நான் போட்டனுங்க" என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அந்த வார்த்தையை ஏமாற்றியவரும் அதே குரலில் சொல்வார்.

கொங்கு நாட்டில் இந்தத் துயரம் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடிப் பக்கம் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் வாய்க்காலை வெட்டியவர் காலிங்கராயன். அந்தத் தண்ணீரில் இன்றும் நெல்லும் மஞ்சளும் விளைகின்றன. ஒரு பாம்பு ஊர்ந்து போய் வழி காட்டியதால்தான் வாய்க்கால் இத்தனை வளைவு என்று மக்கள் சொல்வார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் சொல்லும் இன்னொரு கதை. தன் சொந்த நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் இவ்வளவும் செய்தான் என்று பழி வந்ததாம். அதைக் கேட்ட காலிங்கராயன், தானும் தன் வம்சமும் அந்த வாய்க்கால் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது கதை. வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிக்க நான் முயலவில்லை. கதையாகவே அது எனக்குப் போதும். பெரிய வேலை ஒன்றை முடித்த மனிதருக்குத் தன் நேர்மையைக் காட்ட ஊரைவிட்டுப் போவதைத் தவிர வேறு சாட்சி கிடைக்கவில்லை. எழுநூறு வருஷமாக ஜனங்கள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு, தங்களில் நேர்மையாக வேலை செய்தவர்கள் பட்ட அதே வலியும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நம்புகிறேன்.

வேலையைப் படம் எடுத்து வையுங்கள் என்றால் மேஸ்திரிகள் முதலில் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். "ஏனுங்க, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா? இருவது வருசமாக் கட்டறமுங்க. ஒருத்தரு ஒரு சொல்லுச் சொன்னதில்லீங்க." அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நம் பக்கம் வீட்டு வேலை பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடப்பது. சதுரடிக்கு இவ்வளவு என்று பேசி, வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுத்தால் ஆயிற்று. அங்கே போனைத் தூக்கினால் சந்தேகத்தைத் தூக்கிய மாதிரிதான். இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் வீட்டுக்காரர் தினமும் படம் அனுப்பச் சொல்கிறார். சிலர் வேப்பமரத்தில் கேமராவே கட்டிவிடுகிறார்கள். சித்தாள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தால் அங்கிருந்து போன் வருகிறது.

நான் சொல்வது அந்தக் கேமராவை அல்ல. கேமரா யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கட்டியவர், தான் கட்டியதைத் தன் விருப்பத்தில் எடுக்கும் படம் சாட்சியம். மேலே இருக்கிறவர் கேட்கிறார் என்று எடுக்கும் படம் வருகைப் பதிவேடு. வருகைப் பதிவேட்டில் என்னென்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.

அரசாங்கம் இந்த வழியில் வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டது. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் கட்டட நிலை ஒவ்வொன்றுக்கும் இடக்குறியோடு படம் பதிவேற்ற வேண்டும், அதை வைத்துத்தான் அடுத்த தவணை. இதில் நன்மை இல்லாமல் இல்லை. கட்டாத வீட்டுக்குப் பணம் போவது கடினமாகியிருக்கிறது. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் வீட்டுக்கு முன்னால் பயனாளி கைகட்டி நிற்பார். பின்னால் லிண்டல் மட்டம் வரை சுவர். லிண்டலுக்குள் கம்பி எத்தனை என்று அந்தப் படம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் இன்னும் மோசமாயிற்று. 2023 ஜனவரி முதல் வேலைத்தளங்களில் செயலி வழியாக நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமானது. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது: சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, பழைய படத்தையே மறுபடி படம் பிடித்துப் போடுகிறார்கள் என்று. மனிதர்களை நம்பாமல் படத்தை நம்பியதில் வந்து சேர்ந்த இடம் அது.

படம் பொய் சொல்லாது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஒரே ஃபுட்டிங் கம்பியை மூன்று கோணத்தில் எடுத்து மூன்று ஃபுட்டிங் என்று காட்டலாம். ஆகவேதான் அந்தச் சூலூர் மேஸ்திரியின் ஓட்டுத் துண்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூண் எண்ணும் தேதியும் அளவும் ஒரே சட்டகத்துக்குள் வருகின்றன. முதலில் கொஞ்சம் தள்ளி நின்று, பக்கத்து வீட்டுச் சுவரோ தென்னை மரமோ தெரிகிற மாதிரி ஒன்று, பிறகு நெருங்கிப் போய் ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு இது எந்த இடம் என்பதில் குழப்பம் வராது. ஜிபிஎஸ் மேப் கேமரா என்ற செயலியை இப்போது எல்லா ஒப்பந்தக்காரரும் வைத்திருக்கிறார்கள், படத்தின் அடியில் இடமும் நேரமும் தானாகவே விழுந்துவிடும். அது நல்லதுதான். ஆனாலும் எழுதி வைத்த ஓட்டுத் துண்டுக்கு ஒரு மேன்மை இருக்கிறது. எழுதிய கை தெரிகிறது.

வேலையைக் கட்டம் கட்டமாகப் படம் பிடிப்பது புதுப் பழக்கமும் இல்லை. லண்டன் ஹைட் பூங்காவில் 1851 கண்காட்சிக்காக நின்ற கண்ணாடி மாளிகையைப் பிரித்து சிடன்ஹாமில் மீண்டும் எழுப்பியபோது, ஃபிலிப் ஹென்றி டெலமோட் என்ற புகைப்படக்காரரை வைத்து வேலையின் முன்னேற்றத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 1855இல் அவை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. 1936இல் அந்த மாளிகை எரிந்து சாம்பலானது. அது எப்படிப் பூட்டப்பட்டது, எந்தச் சட்டம் எதன்மேல் நின்றது என்பதை இன்றும் அந்தப் படங்களில் பார்க்கலாம். கண்ணாடித் தட்டும் ரசாயனமும் சுமந்துபோய் அன்று செய்ததைச் செய்ய நமக்கு ஒரு விரல் போதும்.

கோவைக்காரர்களுக்குக் கேமரா அந்நியமான பொருளும் இல்லை. ரயில்வேயில் வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகப் படம் காட்டிவிட்டு 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டியது இந்த ஊரில்தான். ஜி.டி. நாயுடு லண்டன் போனபோது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தையே படம் பிடித்து வந்தவர். எந்திரம் எதுவானாலும் பிரித்துப் பார்க்காமல் விடாத அந்த மனிதருக்குக் கட்டுமானத்திலும் ஈடுபாடு இருந்தது. இன்று கட்டட வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோர் கையிலும் அவர் கனவு காணாத கேமரா இருக்கிறது.

மறைந்த வேலை உயிரையே கேட்கக்கூடும் என்று காட்டிய ஒரு மதிலுக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 2, மழை விடாத அதிகாலை. மேட்டுப்பாளையம் நாடூரில் ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் மதில் ஒன்று சரிந்து, ஒட்டியிருந்த சின்ன வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போனார்கள், குழந்தைகள் உட்பட. அத்தனை பேரும் தலித்துகள். அது தீண்டாமைச் சுவர் என்று மக்கள் சொன்னார்கள். அன்று காலையிலிருந்து நாம் பார்த்தது இடிபாட்டின் படங்கள். பொக்லைன், கற்குவியல், நசுங்கிய பாத்திரங்கள். எல்லாப் பத்திரிகையிலும் அதே படம்.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது வேறு ஒரு படம். அந்த மதிலைக் கட்டும்போது, மண் மூடுவதற்கு முன், அதன் கடக்கால் எவ்வளவு ஆழம், அடி எவ்வளவு அகலம், நடுநடுவே தாங்குதூண் ஏதாவது உண்டா, பின்னால் தேங்கும் மழைநீர் வெளியேறத் துளை விட்டிருக்கிறதா என்று காட்டுகிற படம். உயர்ந்த கல்மதில் கீழே விழுவது பெரும்பாலும் அதன் பின்னால் ஊறித் தேங்கும் தண்ணீரின் பாரத்தால். துளையும் வடிகாலும் விட்டுக் கட்டுவது எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலைதான். கட்டுகிற கையில் ஒரு கேமரா இருந்து, இதைப் பிற்பாடு யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பும் இருந்தால், அடியில் செய்கிற வேலை மாறும் என்று நான் நம்புகிறேன். ஆனால் படம் மட்டும் அந்தப் பதினேழு பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. மதில் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே முறையிட்டதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கண்ணெதிரே நின்ற மதிலையே யாரும் பார்க்க மறுத்த இடத்தில் படத்தை மட்டும் யார் பார்த்திருப்பார்கள்?

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இறந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்.

தொழிலாளர்கள் என்றதும் அந்த ரப்பர் செருப்பு நினைவுக்கு வருகிறது. மேஸ்திரி அந்தப் பாதத்தைப் படத்திலிருந்து வெட்டாமல் விட்டது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது தற்செயலாகப் படவில்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பிய 1930-31இல் லூயிஸ் ஹைன் எடுத்த படங்களை உலகம் கட்டடத்துக்காகப் பார்ப்பதில்லை, உத்தரத்தின் மேல் நிற்கும் ஆட்களுக்காகப் பார்க்கிறது. நம் ஊரில் கடக்கால் போட்ட வீட்டுக்காரரின் பெயர் கேட்டுக்கு மேல் கிரானைட்டில் பதியும். கல் சுமந்த சித்தாளின் பெயர் எங்கும் வராது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பி கட்டுகிற பையன்களின் பெயரை மேஸ்திரியே சரியாகச் சொல்வதில்லை. இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, காசும் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் நலவாரியத்தில் பதிய, சட்டப்படி முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது இந்த வேலை செய்திருக்க வேண்டும். வாரம் ஒரு தளம், மாதம் ஒரு மேஸ்திரி என்று போகிற பெண் அந்த 90 நாளை யாரிடம் போய்க் கேட்பார்? சாரத்திலிருந்து விழுந்தவர் அன்று அங்கே வேலையே செய்யவில்லை என்று சொல்லிவிடுகிற தளங்களும் உண்டு. தேதியோடு எடுத்த வேலைப் படங்களில் அந்த முகங்கள் இருந்தால், அவர்கள் கேட்டு, அவர்களுக்கும் ஒரு பிரதி போனால், அது ஆதாரம். கேட்காமல் எடுத்தால் அதுவும் இன்னொரு கண்காணிப்புதான்.

பூமிக்கடியில் போகும் வேலைகளுக்கு இதெல்லாம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆறு நீரேற்று நிலையங்களும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய்களும். தலைமுறைகளாகப் போராடிப் பெற்ற தண்ணீர் அது. காலிங்கராயனின் வாய்க்காலை யார் வேண்டுமானாலும் கரையில் நின்று பார்க்கலாம். இந்தக் குழாய் சோளக்காட்டுக்கடியில் போகிறது. நாற்பது வருஷம் கழித்து ஒரு இணைப்பில் கசிந்தால், தோண்டப் போகிறவருக்கு அந்த இணைப்பு இறக்கிய நாளின் படம் ஒன்று போதும், பாதி வேலை மிச்சம். கோவைத் தெருக்களில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது குடிநீர்க் குழாய் உடைவதும், குடிநீருக்குத் தோண்டும்போது வேறொன்று உடைவதும் நாம் பழகிப்போன காட்சி. போன முறை தோண்டியவர் எங்கே எவ்வளவு ஆழத்தில் போட்டார் என்பது அவரோடு போய்விட்டது. பொதுப்பணித் துறையில் மறைகிற வேலையை மூடுமுன் அளந்து எம்-புக்கில் எழுத வேண்டும் என்ற முறை வெகுகாலமாக உண்டு. அந்த அளவுப் புத்தகம் நல்ல ஏற்பாடு. அதன் பக்கத்தில் ஒரு படமும் இருந்திருந்தால் அதிகாரியின் கையெழுத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்காது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று, தரையிலிருந்து டேப் பிடித்து எடுத்து வைத்தால், பத்து வருஷம் கழித்து ஏசி மாட்ட வருகிற பையன் டிரில்லைக் கொண்டுபோய் மின்குழாயில் இறக்க மாட்டான். அந்தப் படத்தில் இன்னொன்றும் கிடைக்கும். நம் பக்கத்துச் செங்கல்லின் முகத்தில் செங்கல் சூளைக்காரரின் முத்திரை எழுத்து பள்ளமாகப் பதிந்திருக்கும். கலவை வைத்ததும் அது மறையும். செம்மண் கொள்ளை பற்றிய வழக்குகளுக்குப் பிறகு 2021இல் தடாகம் பள்ளத்தாக்கின் சூளைகள் மூடப்பட்டன. அதற்குமுன் கட்டிய எத்தனையோ வீடுகளின் சுவருக்குள் அந்த எழுத்துகள் இருக்கின்றன. எந்த மலையடிவார மண் நம் சுவராக நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் நான்.

வழக்கு என்று வந்தால் சில விஷயங்களை ஒப்பந்தக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அடுக்குமாடித் திட்டங்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுகிற சின்ன வீடு அந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே சண்டை வந்தால் பெரும்பாலும் நுகர்வோர் ஆணையம்தான், அங்கும் பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு கொடுக்கச் சொல்கிறது. வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அதில் உதிர்ந்துவிடும். ஆகவே முதலில் எடுத்த கோப்பு எடுத்தபடியே இருக்க வேண்டும். பல மேஸ்திரிகள் போனை மாற்றும்போது எல்லாவற்றையும் இழக்கிறார்கள். ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க், வீட்டுக்கு ஒரு ஃபோல்டர், சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி. பத்திரமும் பட்டாவும் வரைபட அனுமதியும் வைத்திருக்கும் அதே பெட்டியில் அதுவும் இருக்கட்டும்.

இவ்வளவு எளிதான வேலையை ஏன் செய்வதில்லை என்று நான் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். நேரமில்லை, மறந்துவிட்டது, யார் கேட்கிறார்கள் என்று பல பதில். உண்மையான பதிலைச் சொன்னவர் அந்தச் சூலூர் மேஸ்திரிதான். படம் எடுக்க வேண்டுமென்றால் சுற்றி வர வேண்டும், குனிய வேண்டும், மூலைக்கு மூலை போய் நிற்க வேண்டும். அப்படிப் போனால் கண்ணில் பட்டுவிடும். ஒரு இடத்தில் கவர் பிளாக் நழுவியிருக்கும். ஒரு பீமில் ரிங் இரண்டு குறையும். "பாத்துட்டா அப்பறம் போட முடியாதுங்க. பாக்காத இருந்தா மனசு கேக்கும்" என்றார்.

பார்த்துவிட்டால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மெஷின் வாடகை போகும். ஆட்டோ பிடித்து வந்த கான்கிரீட் கோஷ்டிக்குக் கால் சம்பளமாவது கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் குறித்த முகூர்த்தம் தவறும். சமைத்த கறிச்சோறு இருக்கிறது. அந்த நஷ்டம் முழுவதும் மேஸ்திரியின் தலையில் விழுகிறது என்பதால்தான் அவர் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு மேலே ஏறாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார். கேமராவைப் பற்றி மேஸ்திரிகளிடம் பேசுகிற நாம் இந்த நஷ்டத்தைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் பேசியதே இல்லை. சதுரடி ரேட்டில் ஐந்து ரூபாய் குறைக்கப் பாடாய்ப்படுத்தியவர், கம்பி சரியில்லை என்று மேஸ்திரியே நிறுத்திய ஒரு நாளுக்கு என்ன கொடுப்பார்?

ஒப்பந்தம் எழுதுகிற ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு வரி சேர்க்கலாம் என்று இப்போது நான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கம்பி கட்டி முடிந்த மறுநாள் படம் எடுத்துச் சரிபார்க்கும் நாள், அதற்கடுத்த நாள்தான் கான்கிரீட். குறை கண்டு மேஸ்திரி தானாக வேலையை நிறுத்தினால், அன்றைய மெஷின் வாடகையும் ஆள் கூலியும் இருவருக்கும் பாதிப் பாதி. சென்ற மாதம் சிங்காநல்லூரில் ஒரு வீட்டுக்காரர் அதற்குச் சம்மதித்தார். அவர் மனைவி இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார்: நிறுத்தின நாளிலும் ஆட்களுக்கு மத்தியானச் சோறு உண்டு என்று.